30 வருஷ ஈசி (வில்லங்கச் சான்று) 'நில்'னு, அதாவது ஒரு பதிவும் இல்லைன்னு வந்தா போதுமா? ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுக்கு வருடாந்திரப் பயிற்சி தேவையா?

மூலப்பத்திரம்:
பக்கத்து இழையில் சைட்விசிட் அண்ணன் உதிர்த்த முத்து இது: "ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) நம்பர் வாங்கியாச்சு, அப்புறம் ஏஜென்ட்டுக்கு வருஷா வருஷம் என்ன படிப்பு? 30 வருஷ ஈசி போடு. நில்னு வந்தா இடத்தைக் காட்டு. மீதியை வக்கீல் பாத்துக்குவார்." இதுக்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேற.

அண்ணே, 30 வருஷமும் நில்னு வந்தா அது பதில் இல்லை, கேள்வி. விக்கிறவருக்கு வயசு 38னு வைங்க. 30 வருஷமா அந்த நிலத்துல ஒரு பதிவும் இல்லைன்னா, எட்டு வயசுலயா கிரயம் வாங்கினார்? அப்பா வழியிலயோ தாத்தா வழியிலயோ வந்திருக்கணும். அப்படின்னா வாரிசுச் சான்று எங்கே? கூடப் பிறந்தவங்க கையெழுத்து எங்கே? இதைக் கேக்கத் தெரியாதவருக்குத்தான் வருஷா வருஷம் படிப்பு.

சைட்விசிட்:
வந்துட்டார்யா வாத்தியார். பேங்க்காரனே லோனுக்கு 30 வருஷ ஈசிதான் கேக்குறான். பணத்தைக் கொட்டிக் குடுக்குறவனுக்குப் போதும், உங்களுக்குப் போதாதா? நம்ம வேலை பார்ட்டியை இடத்துக்குக் கூட்டிட்டுப் போறது, ரேட்டைப் படிய வைக்கிறது. லீகல் பாக்க ஃபீஸ் வாங்குறவர் தனியா இருக்கார். 30 வருஷம். நில். முடிஞ்சது.

நாலுஎல்லை:
30 எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியலை போல. காலவரம்புச் சட்டத்துல தனியார் நில உரிமை வழக்குக்கு 12 வருஷம், 65வது இனம். அதை வெச்சுத்தான் ஒரு காலத்துல 13 வருஷ ஈசி போட்டாங்க. அரசு வழக்குப் போட 30 வருஷம், 112வது இனம். கூடவே, 30 வருஷம் பழைய ஆவணம் உரிய கஸ்டடியிலிருந்து வந்தா அதோட கையெழுத்து சரியானதுன்னு கோர்ட்டு அனுமானிக்கலாம்னு சாட்சியச் சட்டம் 90. இதையெல்லாம் கலந்து ஆளாளுக்கு "30, 30"னு மந்திரம் ஓதுறாங்க.

புதுஏஜென்ட்:
ஒரு சந்தேகம். தொடர்கல்வின்னு எதைச் சொல்றீங்க? தேர்வு வெச்சு மார்க் போடுறதா, வெறும் வகுப்பா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசலாமே?

மூலப்பத்திரம்:
நாலுஎல்லை சார், 90 இப்ப 92. 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய சாட்சிய சட்டம். நீங்களே ரெண்டு வருஷம் பின்னாடி நிக்கிறீங்க, படிப்பு வேண்டாம்ங்கிற இழையில!

வருஷக் கணக்கை விடுங்க. ஈசி எந்த நம்பருக்குப் போட்டீங்க? அதுதான் விஷயம். சர்வே 112 முதல்ல 112/3 ஆச்சு, பிறகு 112/3பி2 ஆச்சுன்னு வைங்க. விக்கிறவர் பட்டாவுல 112/3பி2. அந்த நம்பரை மட்டும் போட்டுத் தேடினா, உட்பிரிவு ஆகுறதுக்கு முன்னாடி 112/3னு எழுதிப் பதிஞ்ச கிரயமும் அடமானமும் வராது. 30 வருஷம் சுத்தமா நில். சான்றிலேயே எழுதியிருக்கு: மனுதாரர் சொத்தை விவரிச்ச விதமும் ஆவணத்துல இருக்கிற விதமும் வேறயா இருந்தா, அந்த ஆவணம் இதுல வராம போகலாம், அதுக்குத் துறை பொறுப்பில்லைன்னு. அதைப் படிச்ச ஏஜென்ட் எத்தனை பேர்?

சரியா போடணும்னா இப்படி: அ-பதிவேட்டுல (கிராமத்து நிலக் கணக்கு) பழைய புல எண்ணை, அதாவது சர்வே நம்பரைப் பாரு. பழசு, புதுசு, இடையில வந்த உட்பிரிவு எல்லாத்துக்கும் தனித்தனியா தேடு. அந்தக் கிராமம் நடுவுல வேற சார்பதிவகத்துக்கு மாறியிருந்தா அங்கேயும் தேடு. ரொம்பப் பழைய வருஷங்கள் பதிவுத்துறைத் தளத்துல கிடைக்கலைன்னா ஆபீஸ்ல மனு குடு.

இன்னொண்ணு. உயில் ஈசியில வராது. பதிவுச் சட்டம் 51ஆம் பிரிவுப்படி உயில் பதியிறது 3ஆம் புத்தகத்துல. ஈசி எடுக்குறது நிலப் பத்திரங்கள் பதியிற 1ஆம் புத்தகத்து அட்டவணையிலிருந்து. பதியாத உயிலும் செல்லும், அது எந்தப் புத்தகத்துலயுமே இருக்காது. பதியாத கிரய ஒப்பந்தம், வாய்மொழிப் பாகம் இதுவும் வராது. தீர்ப்பாகாத வழக்கும் பெரும்பாலும் வராது. இவ்வளவு ஓட்டை உள்ள சல்லடையை வெச்சுக்கிட்டு "நில், முடிஞ்சது"ங்கிறீங்க.

சைட்விசிட்:
சரி, 30 பத்தாதுன்னா எத்தனை? 50? 100? கரிகாலன் கல்லணை கட்டினதுலேர்ந்து போடவா?

மூலப்பத்திரம்:
வருஷம் இல்லைன்னு இப்பத்தான் சொன்னேன். நம்பர். நம்பர். நம்பர்.

சைட்விசிட்:
அப்ப 30 வருஷம் போதும்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

உட்லண்ட்ஸ்வாசி:
இங்க சிங்கப்பூர்ல 2025 அக்டோபர்லேர்ந்து வருஷத்துக்கு 16 மணி நேரப் பயிற்சி. முடிக்கலைன்னா பதிவைப் புதுப்பிக்கிறதுலயே சிக்கல். கலிஃபோர்னியாவுல 4 வருஷத்துக்கு 45 மணி நேரம், டெக்சாஸ்ல 2 வருஷத்துக்கு 18. நம்ம ஊர்லதான் இன்னும் "எதுக்குப் படிப்பு"ன்னு சண்டை.

சைட்விசிட்:
ஏசி ரூம்ல உக்காந்து காண்டோ விக்கிறவங்க சொல்லலாம். இங்க வந்து வெயில்ல நாலு பிளாட் காட்டிப் பாருங்க.

மூலப்பத்திரம்:
உட்லண்ட்ஸ் சார், ஒப்பீடு சரி, ஆனா பாதிதான். உங்க ஊர்ல நில உரிமையையே அரசு பதிவேடு உறுதி பண்ணுது. இங்க பதிவாகுறது பத்திரம் மட்டும், உரிமை இல்லை. சார்பதிவாளர் பதிஞ்சிட்டார்ங்கிறதுக்காக விக்கிறவருக்கு உரிமை வந்துடாது. அதனால இங்க இருக்கிற ஏஜென்ட்டுக்குத்தான் அதிகம் தெரிஞ்சிருக்கணும். தூரத்துக்குக்கூடப் போக வேண்டாம், மகாராஷ்டிரா ரெரா 2023லயே 20 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் ஆக்கிடுச்சு.

சைட்விசிட்:
அந்த 20 மணி நேரம் எப்படி ஓடும்னு ஊருக்கே தெரியும். கேமராவை அணைச்சிட்டு, போனை ஓரமா வெச்சிட்டு, கடைசியில "ப்ரெசன்ட் சார்". கையில சர்டிபிகேட். க்ளாஸ் எடுக்குறவங்களும் பொழைக்கணும்ல. புரோக்கரை மொட்டையடிக்க இன்னொரு வழி.

ஒருசென்ட்:
புரோக்கர்னு சொல்லாதீங்க அண்ணே. சட்டத்துல 'ரியல் எஸ்டேட் ஏஜென்ட்'. நம்மளே நம்மளைக் கேவலப்படுத்துனா எப்படி?

சைட்விசிட்:
எங்க ஐயா காலத்துலேர்ந்து புரோக்கர்தான். பேரை மாத்தினா கமிஷன் கூடுமா?

ஒருசென்ட்:
பேரை விடுங்க, பதிவு இல்லாம பண்ணா ஒரு நாளைக்கு 10,000 ரூபா அபராதம், சொத்து மதிப்புல 5 சதவீதம் வரைக்கும் போகும், ரெரா சட்டம் 62ஆம் பிரிவு. பதியாத ப்ராஜெக்ட்டை வித்துக் குடுக்கவும் கூடாது, பிரிவு 10. இதுவும் வக்கீல் பாத்துக்குவாரா?

புலப்படம்:
எல்லாரும் ஈசியையே புடிச்சுத் தொங்குறீங்க. பட்டாவுல பரப்பு 0.04.50னு போட்டிருக்கும். ஹெக்டேர், ஏர்ஸ். பாதிப் பேர் அதை நாலரை சென்ட்னு படிச்சு விளம்பரம் போடுறாங்க. 4.5 ஏர்ஸ்னா 450 சதுர மீட்டர், 4,844 சதுர அடி, 11 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. வருஷப் பயிற்சியில மொத நாள் இதைச் சொல்லிக் குடுங்க. அப்புறம் புலப்படத்தை (நிலத்தோட அளவு வரைபடம்) எடுத்துக்கிட்டு சங்கிலி புடிச்சு நாலு பக்கமும் அளக்க வைங்க.

மூலப்பத்திரம்:
இதைத்தான் சொல்ல வந்தேன். பவர்பாயிண்ட் காட்டுறது பயிற்சி இல்லை. ஒரு ஃபைலைக் கையில குடு: தாய்ப்பத்திரம் (முந்தின உரிமைப் பத்திரம்), நடப்புக் கிரயம், ஈசி, பட்டா, அ-பதிவேடு, புலப்படம், லேஅவுட் வரைபடம். கிரயத்துல 11 சென்ட், பட்டாவுல 0.04.05. அதாவது 10 சென்ட்தான். மீதி 435 சதுர அடி எங்க போச்சு? ரோட்டுலயா, பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குள்ளயா? கிழக்கு எல்லை தாய்ப்பத்திரத்துல வாய்க்கால், நடப்புக் கிரயத்துல 'காலி மனை'. வாய்க்கால் எப்ப காலி மனை ஆச்சு? மூணு மணி நேரம் குடுத்து, தப்பு எத்தனைன்னு கண்டுபிடிக்கச் சொல்லு. கேமரா அணைச்சவன் அதுல மாட்டுவான்.

வருஷா வருஷம் ஏன்னா, சட்டம் மாறிக்கிட்டே இருக்கு. தமிழ்நாட்டுல மகளுக்குப் பூர்வீகச் சொத்துல பங்குன்னு 1989 திருத்தம் வந்தப்ப, அப்பவே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாதுன்னு படிச்சிருப்பாங்க. 2005ல மத்தியத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துடுச்சு. அந்தத் தேதியில அப்பா உயிரோட இல்லைன்னாலும் மகளுக்குப் பங்கு உண்டுன்னு 2020ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி முடிஞ்ச பாகப்பிரிவினைக்கு மட்டும் பாதுகாப்பு. அன்னைக்குப் படிச்சதோட நின்னவர் இன்னைக்கு "பொண்ணுங்க கையெழுத்து வேண்டாம்"னு டோக்கன் அட்வான்ஸ் வாங்கிட்டு நிப்பார். மனைப்பிரிவுலயும் அப்படித்தான். 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி மனையா பதிவாகியிருந்துச்சாங்கிற ஒரே தேதியில அனுமதியில்லாத பிளாட்டோட தலையெழுத்தே மாறிடும்.

சைட்விசிட்:
எவ்வளவு எழுதினாலும் எங்கயும் 30 வருஷம் தப்புன்னு இல்லை பாருங்க. நானும் அதைத்தான் சொல்றேன்.

நாலுஎல்லை:
30க்கு சட்டத்துல தனி மகிமை கிடையாதுன்னு நான் சொன்னதை ரெண்டு பேரும் கண்டுக்கவே இல்லை. பிரிவு நம்பர் மாறினா சாரம் மாறிடாது, மூலப்பத்திரம் சார். 90ன்னு சொன்னா இன்னைக்கும் எந்த வக்கீலுக்கும் புரியும்.

மூலப்பத்திரம்:
புரியும். மனுவுல அப்படி எழுதினா திருப்பிக் குடுத்தாலும் குடுப்பாங்க.

சைட்விசிட்:
மூலப்பத்திரம் சாருக்கு எல்லாம் தெரியும். போன மாசம் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள்ள புழங்குற பரப்பு) இழையில பால்கனியைச் சேர்த்துக் கணக்குப் போட்டது யாராம்?

மூலப்பத்திரம்:
சேர்க்கலை. உள் தடுப்புச் சுவர் சேரும், வெளிச்சுவர், ஷாஃப்ட், தனி பால்கனி சேராது, ரெரா சட்டம் 2(கே) பிரிவுன்னு எழுதினேன். நீங்க உள் சுவரையும் கழிச்சீங்க. அதை அழிச்சிட்டு இப்ப வந்து பேசுறீங்க.

சைட்விசிட்:
அழிக்கலை, மாடரேட்டர் அழிச்சார்.

புதுஏஜென்ட்:
இன்னும் கேக்குறேன், தேர்வா வகுப்பா?

புலப்படம்:
சங்கிலி.

ஒருசென்ட்:
அண்ணே, ரெரா சட்டம் பிரிவு 13 தெரியுமா? ஒப்பந்தம் பதியாம 10 சதவீதத்துக்கு மேல ப்ரமோட்டர் (ப்ராஜெக்ட் போட்டு விக்கிறவர்) வாங்கக் கூடாது. போன வாரம் ஒரு லேஅவுட்டுக்கு "25 சதவீதம் கட்டி புக் பண்ணுங்க"ன்னு நோட்டீஸ் போட்டிருந்தீங்களே, அது எந்தப் படிப்புல வருது?

சைட்விசிட்:
அது ப்ரமோட்டர் குடுத்த நோட்டீஸ், நான் ஃபார்வர்டு பண்ணேன். சப்ஜெக்ட்டை மாத்தாதீங்க. கேள்வி 30 வருஷ ஈசி பத்தி. நில் வந்தா இடத்தைக் காட்டலாமா கூடாதா? ஆமா, இல்லைன்னு ஒத்த வார்த்தையில சொல்லுங்க.

மூலப்பத்திரம்:
எந்த சர்வே நம்பருக்கு?

சைட்விசிட்:
மறுபடியும் ஆரம்பிச்சிட்டார்.

மூலப்பத்திரம்:
எந்த நம்பருக்குன்னு சொல்லுங்க, ஒத்த வார்த்தையில சொல்றேன்.