முப்பதாம் நாள் விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருந்தோம்

ஆற்றங்கரையான் (பென்சில்வேனியா):
என் தங்கையின் கணவரைச் சாலையில் நிறுத்திய காவலர், தெற்கே ஒரு மாநிலத்தில் அவர் பெயரில் காசோலை மோசடிப் பிடியாணை நிலுவையில் இருப்பதாகச் சொன்னார். அன்றிரவே அவர் கவுன்டி சிறைக்குப் போய்விட்டார். அந்த மாநிலம் கேட்டதன் பேரில் அவரை அங்கே ஒப்படைக்க எங்கள் ஆளுநர் பிறப்பிக்கும் பிடியாணை வராவிட்டால் 30 நாளில் விட்டுவிடுவார்கள் என்று பலரும் சொன்னதை நானும் நம்பி, தங்கையிடமும் சொல்லியிருந்தேன். முப்பதாம் நாள் அவருக்கு ஒரு மாற்றுச் சட்டையையும் காலணியையும் பையில் வைத்துக்கொண்டுதான் அவள் நீதிமன்றத்துக்கு வந்தாள். அந்த மாநிலத்தின் ஆவணங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்றார் அரசு வழக்குரைஞர். நீதிபதி தேதியைப் பார்த்துவிட்டு, மேலும் 60 நாள் என்று உத்தரவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "அண்ணா, முப்பது நாள்தான்னு சொன்னீங்களே" என்று அவள் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது.

செம்பருத்தி (நியூ ஜெர்சி):
நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஒப்படைப்பை எதிர்க்கும் உரிமையைக் கைவிடும் படிவத்தை நீட்டியபோது ஒரு பெரியவர் நீதிபதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அம்மா, இதில் கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?" என்று கேட்டார். ஆகாது, வழக்கு நடக்கும் மாநிலத்துக்குப் போகச் சம்மதம் என்பது மட்டுமே அதன் பொருள். எனக்கு அது தெரியும். ஆனால் பதில் சொல்வது என் வேலை அல்ல என்பதால் கேள்வியை ஆங்கிலத்தில் அப்படியே நீதிபதியிடம் சொன்னேன். அவர் விளக்கினார், நானும் தமிழில் சொன்னேன். ஆனாலும் நான் அவரைக் கைவிட்டுவிட்டதைப் போல அந்தப் பெரியவர் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

வடகரை:
ஆற்றங்கரையான் சொன்னதில் ஒரு திருத்தம் அவசியம். 30 நாளில் விட்டுவிடுவார்கள் என்று சட்டம் உறுதி தரவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுள்ள ஒப்படைப்புச் சட்டத்தின்படி, அந்தக் கெடு முடிந்ததும் நீதிபதி விடுவிக்கலாம், அல்லது மேலும் 60 நாள்வரை அடைத்துவைக்கலாம். அந்த 90 நாளும் கழிந்து ஒருவரை விடுவித்தால்கூட, பிறகு ஆளுநரின் பிடியாணை வந்தால் மீண்டும் கைது செய்ய முடியும். உங்களுக்கு யாரோ பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

என் நண்பர் ஒன்பது நாள் உள்ளே இருந்தார். நம்மவர்கள் தந்தை பெயரையே குடும்பப் பெயராக எழுதுவதால் அவருக்கும் தேடப்பட்டவருக்கும் பெயர் ஒன்றாகவே இருந்தது. கைரேகையை ஒப்பிட்ட பிறகுதான் அவர் வேறு ஆள் என்பது தெரிந்தது.

ஆகவே முதல் நாளே கைரேகை ஒப்பீட்டைக் கேளுங்கள். கோரும் மாநிலத்தில் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் இல்லையென்றால், ஆளுநரின் பிடியாணை வருவதற்கு முன்பே பிணை கேளுங்கள். வந்த பிறகு அது பல மாநிலங்களில் கிடைப்பதில்லை. ஒப்படைப்பை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுவில் குற்றமற்றவர் என்று வாதிட்டுப் பயனில்லை. 1978இல் மிச்சிகன் எதிர் டோரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்கு கேள்விகளை மட்டுமே விட்டுவைத்தது: ஆவணங்கள் முறையாக உள்ளனவா, குற்றச்சாட்டு பதிவாகியிருக்கிறதா, ஆள் அவர்தானா, அவர் தப்பி வந்தவரா. இந்த நான்கில் எதுவும் உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால், வழக்குரைஞரைக் கலந்து, செம்பருத்தி சொன்ன படிவத்தில் கையெழுத்திடுவதே பெரும்பாலும் நாட்களைக் குறைக்கும். சிறையில் இருந்த தேதிகளுக்கு எழுத்துச் சான்று வாங்கி வையுங்கள். அந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

ஆற்றங்கரையான்:
முதல் வாரத்திலேயே கையெழுத்திட அவர் தயாராக இருந்தார். "போடாதீங்க மாப்பிள்ளை, ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்று கண்ணாடிக்கு இப்புறமிருந்து தடுத்தவன் நான்தான். செம்பருத்தி எழுதியதைப் படித்தபோது அதனால்தான் கை நடுங்கியது. 52ஆம் நாள் ஆளுநரின் பிடியாணை வந்து, அவரை அழைத்துப் போனார்கள். அங்கே போன இரண்டாம் நாளே பிணை கிடைத்துவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. சிறைத் தேதிச் சான்றுக்கு இன்று காலை விண்ணப்பித்திருக்கிறேன்.