டயோடு 5.1 காட்டும்போது ஈயம் மீக்கடத்தியாகிறது. எதை நம்புவது?

கெலுகோர் மாணவி:

வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். மெல்லிய படலங்களின் மின்தடையை 4 கெல்வின் வரை அளக்க வேண்டும். திரவ ஹீலியம் ஊற்றும் வசதி இல்லை. ஹீலியம் வாயு உள்ளேயே சுற்றிவரும் கிரையோகூலர்தான்.

என் படலத்தை வைக்குமுன் சோதனைக்காக ஓர் ஈயத் துண்டை வைத்தேன். ஈயம் 7.2 கெல்வினில் மீக்கடத்தி ஆக வேண்டும். ஆனால் திரையில் 5.1 வந்த பிறகுதான் தடை பூச்சியத்துக்கு விழுந்தது. மூன்று முறை குளிர்வித்தேன், மூன்று முறையும் அதே 5.1.

வெப்பநிலையைக் காட்டும் சிலிக்கான் டயோடு கூலரின் குளிர்முனையில் திருகியிருக்கிறது. 10 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது. ஹீட்டரும் அங்கேதான். மாதிரி அதற்கு 6 சென்டிமீட்டர் கீழே, ஒரு செப்புத் தகட்டில். மேல் இணைப்பியிலிருந்து மாதிரிக்கு 0.2 மில்லிமீட்டர் செப்புக் கம்பிகள் நான்கு, நேராக இறங்குகின்றன. நீளம் 30 சென்டிமீட்டர் இருக்கும்.

இன்னொன்று: 80 கெல்வினில் வெப்பநிலைக் கட்டுப்பாடு அசையாமல் நிற்கிறது. 6-இல் நிறுத்தச் சொன்னால் மேலும் கீழும் 0.3 ஆடுகிறது. டயோடு கெட்டுவிட்டது, புதிது வாங்கு என்கிறார்கள். அளவீட்டுச் சான்றோடு வாங்கினால் மிச்சமிருக்கும் ஆய்வுப் பணம் அதற்கே போய்விடும். உண்மையிலேயே கெட்டுவிட்டதா?

செந்தூல் பழைய டெக்னீஷியன்:

வணக்கம்மா. டயோடு வாங்க வேண்டாம். கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் இந்த வேலையையே செய்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று முறையும் ஒரே இடத்தில் விழுகிறது என்றால் அந்த டயோடு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அது தன் சூட்டைச் சொல்கிறது. ஈயத்தின் சூட்டைச் சொல்ல அது அங்கே இல்லையே.

கம்பியைப் பாருங்கள். வெளியே 300 கெல்வின், உள்ளே 4. நீங்கள் சொன்ன பருமனுக்கும் நீளத்துக்கும் கணக்குப் போட்டால் ஒரு செப்புக் கம்பி சுமார் 17 மில்லிவாட் சூட்டைக் கீழே கொண்டுவரும். நான்குக்கு 70 அருகில். குளிர்முனைக்கு அது பெரிய சுமை இல்லை. ஆனால் அந்தச் சூடு முதலில் போய்ச் சேர்வது உங்கள் ஈயத்தில். அங்கிருந்து தகடு, திருகு, மூட்டு எல்லாவற்றையும் தாண்டித்தான் குளிர்முனைக்குப் போகும். வெற்றிடத்தில் காய்ந்த மூட்டு என்றால் 2 கெல்வின் வித்தியாசம் தாராளமாக வரும்.

செய்ய வேண்டியது இது. செம்பை எடுத்துவிட்டு, சூட்டை அதிகம் கடத்தாத உலோகக் கலவையான பாஸ்பர் பிரான்ஸ் அல்லது மாங்கனின் கம்பி போடுங்கள். கம்பி நேராக இறங்கக் கூடாது. கூலரின் முதல் நிலையில் (அவ்வளவு குளிராத மேல் படி) சில சுற்று, இரண்டாம் நிலையில் (குளிர்முனை) இன்னும் நிறையச் சுற்று சுற்றி, வார்னிஷ் பூசி ஒட்டிவிட வேண்டும். சூட்டை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் கம்பி மாதிரியைத் தொட வேண்டும். செம்பில் கம்பி உரசி ஷார்ட் ஆகாமலிருக்க நாங்கள் சிகரெட் சுருட்டும் தாளை வார்னிஷில் நனைத்து அடியில் ஒட்டுவோம். ஒட்டுக்கடையில் கிடைக்கும் அதே தாள்தான். அதைவிட மெல்லிசாக, அதைவிட நன்றாக ஒட்டுகிற ஒன்றை நான் பார்த்ததில்லை. தகட்டு மூட்டில் இண்டியம் என்ற மெத்தென்ற உலோகத் தகடோ வெற்றிடத்துக்கான கிரீஸோ வைத்து இறுக்குங்கள்.

சந்தேகம் தீர டயோடைத் திரவ நைட்ரஜனில் முக்கிப் பாருங்கள். 77 கெல்வினில் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் வர வேண்டும்.

பாயான் லெப்பாஸ் சோதனைப் பொறியாளர்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டயோடு கம்பியில் மின் இரைச்சல் நுழைந்தாலும் அளவு தவறும். ஆனால் அப்போது வோல்ட் குறைந்து, உண்மையைவிடச் சூடாகக் காட்டும். தங்கச்சிக்கு நடப்பது நேர்மாறு. அதனால் இரைச்சலைத் தேடி நாட்களை வீணாக்க வேண்டாம்.

ஆட்டத்துக்கு வருவோம். கூலர் நொடிக்கு ஒரு தரம் டக் டக்கென்று அடிக்கும் அல்லவா? ஆட்டமும் அதே வேகமா, அல்லது மெதுவா? அதே வேகம் என்றால் அது கூலரின் சொந்தத் துடிப்பு, கன்ட்ரோலரைக் குறை சொல்ல முடியாது. மெதுவாக ஆடினால் பிஐடி எண்கள்தான் (ஹீட்டரை எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக இயக்குவது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் பி, ஐ, டி என்ற மூன்று எண்கள்) காரணம். செம்பை ஒரு கெல்வின் சூடேற்ற 80-இல் கிராமுக்கு 0.2 ஜூல் வேண்டும், 4-இல் 0.0001 ஜூலே போதும். 80-க்கு வைத்த எண்களோடு 6-இல் ஹீட்டரைத் தட்டினால் எகிறாமல் என்ன செய்யும்? ஹீட்டரைக் கீழ் வரம்புக்கு மாற்றி, பி எண்ணை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். வெப்பநிலை வரம்புக்கு ஒரு தொகுதி எண்கள் என்று தனித்தனியாகச் சேமித்து வையுங்கள்.

கெலுகோர் மாணவி:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. ஆட்டம் 14 நொடிக்கு ஒருமுறை. பி-யைக் குறைத்ததும் 0.02-க்குள் வந்துவிட்டது.

கம்பி மாற்ற நான்கு நாள் பிடித்தது. தாளை நனைத்து ஒட்டி, முப்பது சுற்று சுற்றினேன். கை நடுங்கி இரண்டு முறை அறுந்தது. இழுப்பறையில் கிடந்த பழைய டயோடு ஒன்றை நைட்ரஜனில் சோதித்து, மாதிரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கட்டுப்பாட்டுக்கு மேல் டயோடு, வாசிப்புக்குக் கீழ் டயோடு.

நேற்றிரவு ஈயம் விழுந்தபோது கீழ் டயோடு 7.1, மேல் டயோடு 6.8. புதிதாக எதுவும் வாங்கவில்லை. இந்த 0.3 இன்னும் எங்கிருந்து வருகிறது ஐயா?

செந்தூல் பழைய டெக்னீஷியன்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். மாதிரியைச் சுற்றிக் கதிர்வீச்சுக் கவசம் இருக்கிறதா? இல்லையென்றால் வெளிச்சுவரின் 300 கெல்வினை உங்கள் ஈயம் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் நிலையில் ஒரு செப்புக் குழாயை மூடிபோல மாட்டுங்கள். அப்புறம், வெற்றிடக் கலத்தைத் திறக்கும்போது அவசரம் வேண்டாம். உள்ளே 300 கெல்வினைத் தொட்ட பிறகு திறவுங்கள். பினாங்குக் காற்றுக்குக் கொஞ்சம் சில்லென்றிருந்தாலே போதும், எல்லாம் வியர்த்துவிடும், நீங்கள் ஒட்டிய தாளும் நனைந்துவிடும்.