மலைச்சுற்றில் சைக்கிள் கம்ப்யூட்டரின் சார்ஜ் நிற்பதில்லை: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த ஞாயிறு அதிகாலை மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, கோத்தகிரி வழியாக உதகைக்கு ஏறி, குன்னூர் வழியாக இறங்கியபோது, முழு சார்ஜுடன் புறப்பட்ட என் சைக்கிள் கம்ப்யூட்டர் (வேகமும் வழியும் காட்டும் சிறு கருவி) தொட்டபெட்டா சந்திப்புக்கு முன்பே 12 சதவீதத்துக்கு வந்து, குன்னூர் இறக்கத்தில் அணைந்தே போனது. குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும் என்பது தெரியும்; ஆனால் கருவிக்கு மூன்று வயதாகிவிட்டதால், பேட்டரியே தேய்ந்துவிட்டதோ என்ற ஐயமும் இருக்கிறது.

திரை வெளிச்சத்தைக் குறைத்தேன், போன் இணைப்பைத் துண்டித்தேன். வரைபடத்தை மட்டும் அணைக்க மனமில்லை (மூடுபனியில் அடுத்த வளைவைக் காட்டுவது அதுதான்). பவர் பேங்கை இணைத்தால், கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதாலோ என்னவோ, சில நிமிடங்களில் பவர் பேங்க் தானாக நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, சார்ஜ் துளையின் ரப்பர் மூடி திறந்தே கிடந்ததால், கோத்தகிரிச் சாரலில் உள்ளே நீர்த்துளிகள் கோத்து நின்றன.

குறைந்த மின்னோட்டத்திலும் நிற்காத பவர் பேங்க் எது? ஓட்டிக்கொண்டே சார்ஜ் செய்பவர்கள் துளையை நனையாமல் எப்படிக் காக்கிறீர்கள்? சார்ஜை மிச்சப்படுத்த, இடமறிய உதவும் மற்ற செயற்கைக்கோள் தொகுதிகளை விடுத்து ஜி.பி.எஸ். மட்டும் வைத்தால், சோலைக்காட்டுப் பாதைகளில் தடம் எவ்வளவு பிசகுகிறது? அடுத்த மாதம் மஞ்சூர் வழியாகக் கிண்ணக்கொரை வரை செல்ல இருப்பதால், அனுபவப்பட்டவர்கள் அதற்குள் பதில் அளித்தால் நன்றியுடையவனாவேன்.