அக்காவும் நானும் கேட்ட உரை

முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் பேசி நான் நேரில் கேட்டது ஒரே ஒரு முறைதான். ஒரு கல்லூரி விழா. அக்காவையும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போயிருந்தேன். பேசப்போகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், எல்லாப் பொறியியல் கல்லூரி இடங்களையும் ஒரே கலந்தாய்வில் ஒதுக்கும் ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தவர் என்று காதோடு சொன்னேன். "ஓ, கவுன்சிலிங்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் 2004இல் பிளஸ் டூ முடித்தவள். அரசுப் பள்ளி, தமிழ் வழி, கணக்கில் பள்ளியிலேயே முதல். அப்போது கட்-ஆஃப், அதாவது பொறியியல் சேர்க்கைக்கான கூட்டு மதிப்பெண், 300க்கு. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. பொதுத் தேர்வு முடிந்த கையோடு, வசதியிருந்த இரண்டு பேர் நகரத்தில் விடுதி எடுத்துத் தங்கி கோச்சிங் போனார்கள். அக்காவுக்குக் கிடைத்தது யாரோ படித்து முடித்த ஒரு பழைய வினாப் புத்தகம். பாதிக் கேள்விகளுக்கு விடையைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். இடது கையால் அந்த வட்டத்தை மறைத்துக்கொண்டு வலது கையால் கணக்குப் போடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கணக்கு வந்தது, வேகம் வரவில்லை. கட்-ஆஃப் இறங்கியது. அரசுக் கல்லூரி எட்டவில்லை. தனியார் கல்லூரிக்குக் கட்ட அப்பாவிடம் பணம் இல்லை. பி.எஸ்சி. சேர்ந்தாள். தனக்குத் திறமை போதவில்லை என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை.

அப்புறம் 2006இல் அரசு அமைத்த குழு, நுழைவுத் தேர்வை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. சட்டமும் வந்தது. 2007இல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கு: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. அந்த வருடம்தான் நான் கவுன்சிலிங்குக்காகக் கிண்டியிலிருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மீதியிருக்கும் இடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் முறை வருவதற்குள் நான் குறித்து வைத்திருந்த கல்லூரியில் எண் 4இலிருந்து 2 ஆனது. அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இடம் கிடைத்தது. கணக்கில் நான் அக்காவுக்குப் பக்கத்தில்கூட நிற்க மாட்டேன்.

நுழைவுத் தேர்வை நீக்கச் சொன்ன அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்தான் ஆனந்தகிருஷ்ணன். அன்றைய பேச்சிலும் அதையேதான் எடுத்துச் சொன்னார். நுழைவுத் தேர்வில் பணம் கட்டிப் பயிற்சி பெற்றவர்கள் முன்னே போகிறார்கள், கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கிவிடுகிறார்கள், அதை வைத்து யாருடைய அறிவையும் எடைபோட முடியாது என்பதுதான் சாரம். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "மூணு வருஷம் முன்னாடியே இதைச் செஞ்சிருக்கலாம்ல?"

என்னிடம் பதில் இல்லை. சரி, உனக்குப் பின்னால் வந்தவர்களுக்காவது கிடைத்ததே என்று சொல்ல வாய் வந்தது; சொல்லவில்லை. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் வந்தது. அதுவும் அவளுக்கு இல்லை, எனக்கும் இல்லை.

2021 மே மாதக் கடைசியில் கொரோனாவில் அவர் இறந்துபோனார். எனக்கு அந்தச் செய்தியை முதலில் அனுப்பியது அக்காதான்.