வழுக்குவது எடையாலா, வயசாலா?

பிசியோ, ஜார்ஜ்டவுன்:
குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் கால் வழுக்கும்னு நிறைய பேர் நம்புறாங்க. அப்படி இல்லை. எடை கூடினா தரையில் அழுத்தம் கூடும், உராய்வும் கூடவே ஏறும். மழையில் நனைஞ்ச காக்கி லீமாவில் (கடை வரிசை முன்னால் இருக்கிற நடைபாதை) 50 கிலோ ஆளுக்கும் 100 கிலோ ஆளுக்கும் கால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வழுக்கும். வித்தியாசம் வழுக்கின பிறகு. குதிகால் 3 செ.மீ.க்குள்ளே நகர்ந்தா பெரும்பாலும் நமக்கே தெரியாது, 10 செ.மீ. தாண்டிட்டா சமாளிப்பது கஷ்டம். அதுக்குள்ளே மற்றக் காலைச் சட்டுனு ஊன்றணும். கனமான உடம்பைத் தாங்கி நிறுத்தத் தொடைக்கு அதிக பலம் வேணும். வயசானா அந்தத் தொடைச் சதைதான் முதலில் வற்றுது, காலும் தாமதமாத்தான் எழும்புது. எடையும் வயசும் ஒரே ஆளிடம் சேர்ந்தா பயப்படணும்.

வீட்டிலேயே பார்க்கலாம்: கையை மார்பில் கட்டிக்கிட்டு, நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்காரணும். 15 வினாடிக்கு மேல் போனா கால் பலம் போதலை. சும்மா பட்டினி கிடந்து எடையைக் குறைச்சா சதையும் சேர்ந்து கரையும், அது இன்னும் மோசம்.

தாதி, செந்தூல்:
ஒல்லிப் பாட்டிகளை விட்டுட்டீங்களே! பக்கவாட்டில் விழுந்தா இடுப்பெலும்புதான் முதலில் அடி வாங்கும், தாங்க அங்கே சதை இல்லை. எலும்பும் மெலிஞ்சிருக்கும். பருமனானவங்களுக்கு இடுப்பு தப்பினாலும் கணுக்கால் உடையறது அதிகம். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருந்தா பாதம் மரத்துப்போய் ஈரமே தெரியாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுறவங்க ராத்திரி பாத்ரூம் போகும் முன் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிஷம் உட்காரட்டும். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுத்தும்.

டைல்ஸ் வேலை, பட்டர்வொர்த்:
பாத்ரூமுக்குப் பளபளப்பான பெரிய டைல்ஸ் வேண்டாம். எவ்வளவு வழுக்காதுன்னு காட்டுற தர எண்ணில் ஆர்11 கேளுங்க, இல்லாட்டி சின்னச் சதுர மொசைக். இடுக்கு நிறைய இருந்தா பாதத்துக்குப் பிடிப்பு. சோப்புப் படலத்தை வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்கணும், வெறும் தண்ணி ஊத்தினா போகாது. துண்டு போடுற கம்பியைப் பிடிச்சு எழுந்திருக்காதீங்க, 90 கிலோவுக்கு அது பிடுங்கிக்கிட்டு வரும். உறிஞ்சு கப்பால் சுவரில் ஒட்டுற கம்பியும் அப்படித்தான். செங்கல் சுவரில் துளை போட்டுத் திருகாணியால் முடுக்கின எஃகுக் கம்பிதான் சரி.

பிசியோ, ஜார்ஜ்டவுன்:
தாதி அக்கா சொன்னது சரி. இன்னொண்ணு, பத்துமலை 272 படியில் ஏறும்போது மூச்சு வாங்கும், விழுவது இறங்கும்போது. வாசிக்கிற கண்ணாடியைக் கழட்டிடுங்க, அதைப் போட்டிருந்தா படி விளிம்பு மங்கலாத் தெரியும். கைப்பிடி ஓரமா இறங்கணும், முழங்கால் வலி உள்ளவங்க வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கணும்.