ஹோயா இலை சுருங்குகிறது, அவசரம்

இலைச்சுருள்: தொட்டியில் வைத்த ஹோயா பூங்கொடியின் இலை எல்லாம் தோல் மாதிரி சுருங்கித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற மோசமாகிறது. வாங்கியதிலிருந்து பூவும் இல்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

கொடிப்பந்தல்: எந்த ஹோயா? என்ன மண்? தொட்டியில் ஓட்டை உண்டா? எந்தப் பக்கத்து ஜன்னல்?

நிழல்வலை: வெளிச்சம் போதவில்லை, வேறொன்றும் இல்லை. கிழக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

கொடிப்பந்தல்: எதற்கெடுத்தாலும் வெளிச்சமா? வெளிச்சம் குறைந்தால் கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், பூ வராது. இலை சுருங்குவது தண்ணீர், வேர் சமாச்சாரம்.

மொட்டுக்காம்பு: மாவுப்பூச்சி இருக்கிறதா? இலைக்காம்பு இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு தெரிகிறதா?

இலைச்சுருள்: பூச்சி இல்லை. கார்னோசா வகை ஹோயா. தோட்ட மண்தான். நன்றாக வளரட்டும் என்று பெரிய தொட்டி.

வேர்முடிச்சு: இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. ஹோயா காட்டில் மரத்தைத் தொற்றி வளர்கிற கொடி. வேருக்குக் காற்று வேண்டும். காய்ந்தாலும் இலை சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும். இரண்டிலும் தண்ணீர் மேலே ஏறவில்லை. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் சுருக்கம் என்றால் தொட்டியைக் கவிழ்க்க வேண்டியதுதான். நல்ல வேர் வெளிறிக் கெட்டியாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் கையில் நிற்கும். மறுபடி நடும்போது சின்னத் தொட்டி. பாதிக்கு மேல் மரப்பட்டைத் துண்டும் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்துகளும்.

நிழல்வலை: சின்னத் தொட்டி சரிதான். வேர் நெருக்கினால்தான் பூக்கும்.

கொடிப்பந்தல்: அது வெறும் பேச்சு. செடிக்கு வயதும் வெளிச்சமும் வந்தால் பூக்கும். பெரிய தொட்டியில் ஈரம் காயாது, அதனால்தான் சின்னது.

நிழல்வலை: இப்போது வெளிச்சம் என்று நீங்களே சொல்கிறீர்கள்!

மொட்டுக்காம்பு: இலையில்லாமல் நீளமாக ஓடும் கொடியை வெட்டிவிடுங்கள், சத்து வீண்.

வேர்முடிச்சு: வெட்டச் சொல்லாதீர்கள். அதில் இலை பின்னால் வரும். பூ உதிர்ந்த காம்பையும் தொடக்கூடாது, அடுத்த பூங்கொத்தும் அதே காம்பில்தான் வரும். உங்கள் பெயரே மொட்டுக்காம்பு!

மொட்டுக்காம்பு: பூக்காம்பை வெட்டச் சொன்னேனா? கொடியைச் சொன்னேன். என் வீட்டில் வெட்டிய இடத்திலிருந்து கிளை வந்திருக்கிறது.

வேர்முடிச்சு: கிளை வரும். அந்த வருஷப் பூ?

இலைச்சுருள்: கவிழ்த்தேன். வேர் பாதிக்கு மேல் உருவிக்கொண்டு வந்தது. நல்ல கொடித் துண்டுகளை வெட்டி, வேர் விடத் தண்ணீரில் போட்டாயிற்று. நன்றி.

கொடிப்பந்தல்: கணு ஒன்றாவது தண்ணீருக்குள் இருக்கிறதா? எந்த ஜன்னல் என்று இன்னும் சொல்லவில்லையே?

மொட்டுக்காம்பு: வேர்முடிச்சு ஐயா, கொடியை வெட்டிய வருஷமே பூவும் வந்தது, படம் போடவா?