நடப்பில் உள்ள மாட்டுப் பண்ணை வாங்குகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தாராபுரம் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை, வீட்டோடும், கொறங்காடு என்கிற வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தோடும் விலைக்கு வந்திருக்கிறது. கறவை மாடுகளையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். கிளுவை வேலி ஆடு நுழைய முடியாத நெருக்கம். கொழுக்கட்டைப் புல் நன்றாகப் பிடித்திருக்கிறது, நடுநடுவே வெள்வேல மரங்கள். பார்த்ததுமே மனசு அங்கே நின்றுவிட்டது. உழாமல் மேய்ச்சலுக்கே வைத்துக்கொள்ள ஆசை.

பட்டா, வில்லங்கச் சான்று பார்த்தாகிவிட்டது. கிணறுதான் யோசனை. பங்குக் கிணறு, முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிறார்கள். கிரயப் பத்திரத்தில் அந்தப் பங்கையும் வண்டித்தடத்தையும் எப்படி எழுதச் சொல்ல வேண்டும்? அப்புறம் மாடுகள். ஈத்து (எத்தனை கன்று ஈன்றது), சினை, மடிநோய் எல்லாம் கால்நடை மருத்துவரை வைத்துப் பார்க்கப்போகிறேன். காலை, மாலை இரண்டு கறவைக்கும் கூட இருந்து பாலை அளந்து பார்த்தால் போதுமா? அந்தப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.